மேடம் லூஸின் பள்ளிக்கூடமும் கல்யாணக் கணக்கும்

அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் தன்னிடம் இருக்கிற பழைய படங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. தூக்கம் வராத ராத்திரிகளில் அதற்குள் போய் மேய்வது என் பழக்கம். அப்படி ஒருநாள் கண்ணில் பட்டவை 1899 வாக்கில் வந்த, வட ஆப்பிரிக்காவில் அல்ஜீரியாவின் தலைநகரமான அல்ஜியர்ஸ் நகரத்துப் படங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்து, கல்லச்சில் ஒவ்வொரு நிறமாக ஏற்றுவார்களே, அந்த ஃபோட்டோகுரோம் வகை. வளைவு வளைவாகத் தூண்கள் வைத்த முற்றம், அங்கே உட்கார்ந்து துணியில் பூவேலை செய்யும் சிறுமிகள். கீழே ‘மேடம் லூஸ் பென் அபென், அரபு எம்பிராய்டரி பள்ளி’ என்ற பொருளில் ஒரு தலைப்பு. படம் என்னவோ அழகுதான். ஆனால் பள்ளி என்று போட்டிருக்கிறார்களே, ஒரு புத்தகம், ஒரு பலகை, ஒரு சாக்குக்கட்டி எங்கேயாவது தெரிகிறதா என்று தேடினேன். இல்லை. எம்பிராய்டரி பள்ளியில் எதற்குச் சாக்குக்கட்டி என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். இருந்தாலும் யார் இந்த மேடம் லூஸ் என்ற கேள்வி ஒட்டிக்கொண்டது. தேடிப் படிக்கப் படிக்க, அந்த முற்றத்தில் ஒரு காலத்தில் இருந்த எழுத்தை யாரோ வேண்டுமென்றே எடுத்துவிட்டுத்தான் ஊசியை வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. எடுத்தது ஒரு தரப்பு மட்டும் இல்லை. அதுதான் இன்னும் எனக்குள் ஆறாமல் கிடக்கிறது.

பென் அபென் என்பது பேத்தியின் வீட்டுப் பெயர். பாட்டி யூஜெனி லூஸ். பிரெஞ்சு ஆட்சியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்று அல்ஜியர்ஸில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் திறந்தவர். 1845 ஜூலையில் திறந்தார். இந்த மாதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மோன்ட்ரிஷாரிலிருந்து வந்த பெண்

பிரான்சின் லுவார் பக்கத்தில் ஷேர் ஆற்றங்கரையில் மோன்ட்ரிஷார் என்று ஒரு சிற்றூர். 1804-ல் அங்கே பிறந்தவர். தானும் வாத்தியார் வேலை பார்த்தவர், வாய்த்த கணவர் அலிக்ஸும் வாத்தியார். அந்தக் குடித்தனம் சரிப்படவில்லை. 1816-லேயே பிரான்சில் விவாகரத்துச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள், அது திரும்பி வர 1884 ஆனது. ஆகவே பிடிக்காத புருஷனிடமிருந்து சட்டப்படி வெளியே வர வழியே கிடையாது. ஒன்று சகித்துக்கொண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட வேண்டும். இவர் 1832-ல் ஓடினார். சின்ன மகளை ஊரில் விட்டுவிட்டுக் கடல் தாண்டி அல்ஜியர்ஸுக்கு. பிரெஞ்சுப் படை அந்த நகரத்தைப் பிடித்து அப்போது 2 வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கே இராணுவ பேண்டு வாத்தியக்காரர் நெப்போலியன் லூஸோடு வாழ்க்கை அமைந்தது. முதல் கணவர் இறந்த பிறகு 1846-ல் அவரையே முறைப்படி மணந்துகொண்டார்.

இந்தச் சங்கதிகளை நான் கிசுகிசுக்காகச் சொல்லவில்லை. பின்னால் இங்கிலாந்திலிருந்து பெஸ்ஸி ரெய்னர் பார்க்ஸ் என்ற பெண்ணுரிமைக்காரர் அல்ஜியர்ஸுக்குப் போய், இவரைச் சந்தித்து, தம் பத்திரிகையில் இவருடைய கதையை நெகிழ்ந்துபோய் எழுதினார். அதில் ஓடிவந்த மனைவி கிடையாது, உத்தம விதவைதான் இருக்கிறார். லண்டன் வாசகிகளுக்கு அப்படித்தான் ஒரு முன்னோடி தேவைப்பட்டார் போலிருக்கிறது. எனக்கென்னவோ ஓடிவந்தவரைத்தான் பிடித்திருக்கிறது. கல்யாணம் என்கிற ஏற்பாட்டில் மாட்டிக்கொண்ட பெண்ணுக்குத் தப்பிக்க என்ன வேண்டும் என்று இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? கையில் ஒரு தொழில், கொஞ்சம் எழுத்து, ஊரை விட்டுப் போகத் துணிச்சல். இத்தனையும் தெரிந்தவர் தன் பள்ளிக்குப் பணம் கேட்டு எழுதிய மனுவில் என்ன எழுதினார் என்று பார்க்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வந்திறங்கி பதின்மூன்று வருஷம் அவர் அந்த நகரத்தில் இருந்து பழகினார். உள்ளூர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்களில் பலர் கஸ்பா என்கிற பழைய நகரத்தின் சந்துக்குள் நுழையவே யோசிப்பார்கள், இந்த அம்மாள் வீட்டு உள்முற்றம் வரைக்கும் போய் உட்கார்ந்து பேசக்கூடியவர். 1845-ல் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, தெரிந்த குடும்பங்களுக்கெல்லாம் நடையாய் நடந்து, கெஞ்சி, வாதாடி, கொஞ்சம் காசும் கொடுத்து நான்கு பெண்பிள்ளைகளைச் சேர்த்தார். அந்த நாலு பேரோடுதான் பள்ளி தொடங்கியது. விஷயம் பரவப் பரவ பிள்ளைகள் வந்தார்கள், வருஷக் கடைசியில் எண்ணிக்கை நாற்பதை ஒட்டிவிட்டது. காலையில் பிரெஞ்சு எழுத்து, வாசிப்பு, கணக்கு. மத்தியானத்துக்கு மேல் தையல். மதத்தில் கைவைக்க மாட்டேன் என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

பிள்ளைகள் வந்தார்கள், பணம்தான் வரவில்லை. அல்ஜீரியா அப்போது போர் அமைச்சகத்தின் கையில் இருந்தது. கவர்னர் ஜெனரல் மார்ஷல் புஜோ, வாளும் கலப்பையும் என்பதுதான் அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையில் பெண்பிள்ளைகளின் சிலேட்டுக்கு இடம் எங்கே? உள்ளூர் நிர்வாகத்தில் இருந்த கியோ பிரபு நல்ல மனுஷர், பள்ளியை வந்து பார்த்துவிட்டுச் சொந்தப் பையிலிருந்து அவ்வப்போது ஏதாவது கொடுத்தார். ஊர்ப் பாதிரியார் 200 ஃபிராங்க் கொடுத்தார். மிச்சத்துக்கு இவர் வீட்டு வெள்ளிச் சாமான்களை அடகு வைத்தார், நகைகளை அடகு வைத்தார், கடைசியில் யாரோ சிநேகிதி கொடுத்த தங்க விரலுறையும் அடகுக்குப் போனது. தைக்கும்போது ஊசி குத்தாமல் இருக்க விரல் நுனியில் மாட்டுவார்களே, அந்தக் கூடு. தங்கத்தில் செய்தாலும் அதற்கு என்ன பெரிய விலை கிடைத்திருக்கும்! அதுவரைக்கும் போயிற்று என்றால் மற்றதெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம்.

டிசம்பர் 30-ம் தேதி நிர்வாக சபை கூடி அடுத்த வருஷத்துப் பட்ஜெட்டைப் பேசியது. பள்ளிக்கு ஏதாவது ஒதுக்குவார்கள் என்று காத்திருந்தார். வேண்டாம் என்று மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, அந்தப் பேச்சே எழவில்லை. புத்தாண்டோடு பள்ளியை மூடிவிட்டு, கடன் வாங்கிக்கொண்டு நேரே பாரிஸுக்குப் போனார். ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். கடைசியில் செலவுக்கு ஈடாக 3,000 ஃபிராங்கும், பள்ளியைத் திரும்ப நடத்தலாம் என்ற நம்பிக்கையும் வாங்கிக்கொண்டு ஜூனில் அல்ஜியர்ஸ் திரும்பினார். மறு வருஷம் பள்ளி அரசின் பொறுப்புக்கு வந்தது. 1850 ஜூலை 14-ல் வந்த ஆணை ஆண்பிள்ளைகளுக்கு ஆறும் பெண்பிள்ளைகளுக்கு நான்குமாக அரபு-பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு வழிசெய்தது. இவருடைய பள்ளிதான் அதற்கு முன்மாதிரி. இதுவரைக்கும் படித்தால் யாருக்கும் கைதட்டத் தோன்றும். நானும் ஒரு சிநேகிதியிடம் இந்தக் கதையை இதே உற்சாகத்தில்தான் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: “போர் மந்திரி எதுக்குடி பொம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குக் காசு கொடுத்தான்?”

ஜூன் மாதமும் ஜூலை மாதமும்

1845 ஜூலையில் பள்ளி திறந்தது என்றேன் இல்லையா? அதற்கு முந்தைய மாதம், ஜூன் நடுவில், அதே நாட்டின் தாஹ்ரா மலைப்பகுதியில் ஊலெத் ரியா என்ற பழங்குடியினர் பிரெஞ்சுப் படைக்குப் பயந்து குகைகளுக்குள் ஒளிந்தார்கள். ஆண், பெண், குழந்தை, ஆடு மாடு எல்லாம் உள்ளே. கர்னல் பெலிசியே குகை வாசல்களில் விறகைக் குவித்துத் தீ வைக்கச் சொன்னார். உள்ளே இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் புகையில் மூச்சுத்திணறிச் செத்தார்கள். பாரிஸ் நாடாளுமன்றத்திலேயே இது பெரிய சர்ச்சையானது. புஜோ தன் கர்னலை விட்டுக்கொடுக்கவில்லை.

இது நடந்து சில வாரங்களில்தான் மேடம் லூஸ் வீடு வீடாகப் போய் உங்கள் பிள்ளையை அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்த வாசல்களில் நின்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? குகையில் செத்தவர்கள் மலைவாசிகள், இவர்கள் நகரத்துக்காரர்கள், சரி. ஆனால் நகரத்திலும் காயம் இருந்தது. 1830-க்குப் பிறகு மசூதிகளை எடுத்துக்கொண்டார்கள். தர்ம காரியத்துக்கென்று மக்கள் எழுதிவைத்திருந்த ஹபூஸ் சொத்துகள், நம் பக்கத்தில் வக்ஃபு என்போமே அவை, அரசாங்கத்தின் கைக்குப் போயின. ஓதுகிற பள்ளிகளும் மதரஸாக்களும் அந்த வருமானத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. வரும்படி நின்றதும் அவை படுத்துவிட்டன. இது பிரெஞ்சுக்காரர்களின் எதிரிகள் சொன்ன குற்றச்சாட்டு இல்லை, 1847-ல் பிரெஞ்சு அரசியல் சிந்தனையாளர் தொக்வில் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு எழுதிய அறிக்கையிலேயே இருக்கிறது. தர்மப் பணத்தைத் திருப்பிவிட்டோம், பள்ளிகளைச் சிதைய விட்டோம், நாம் வருவதற்கு முன்பு இருந்ததைவிட இந்தச் சமூகத்தை அறியாமையில் தள்ளிவிட்டோம் என்ற பொருளில் அவர் எழுதினார். இத்தனைக்கும் அவர் அல்ஜீரியாவைப் பிடித்ததற்கு ஆதரவான ஆள். ஆக, பள்ளிகளின் சோற்றைப் பிடுங்கிய அதே அரசாங்கம் ஒரு பள்ளிக்குப் படியளந்தது. ஏன்?

காரணம் மேடம் லூஸின் மனுவிலேயே இருக்கிறது. அதன் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். ஐரோப்பாவைப் போலவே ஆப்பிரிக்காவிலும், இன்னும் சொல்லப்போனால் ஆப்பிரிக்காவில் கூடுதலாகவே, எல்லாச் செல்வாக்கையும்விடப் பெரியது பெண்ணின் செல்வாக்கு. இங்கே எல்லா வகுப்பிலும் எல்லா இனத்திலும் இருந்து ஒரு நூறு பெண்பிள்ளைகளை நம் நாகரிகத்துக்குத் திருப்பிவிட்டால், அவர்கள் நாளைக்கு அந்தந்த வகுப்பின் பெரிய மனிதர்களுக்குப் பிடித்தமான மனைவிகளாவார்கள். இந்த நாடு நமக்கு அடங்கி நடக்கும் என்பதற்கு அவர்களே உத்தரவாதம்.

படித்தவுடன் தூக்கிவாரிப் போட்டது. அடுத்தவர் வீட்டு அடுப்படி வழியாக ஆட்சியை உள்ளே அனுப்பும் திட்டம் இது. புருஷனை விட்டு ஓடிவந்து, தன் சம்பாத்தியத்தில் நின்ற பெண், நூறு பெண்பிள்ளைகளின் எதிர்காலமாக எழுதியது என்ன என்றால் நல்ல இடத்து மனைவி என்று. அப்புறம் கொஞ்சம் ஆற அமர யோசித்தேன். போர் அமைச்சகத்தின் மேசைக்குப் போகிற காகிதத்தில் வேறு என்னதான் எழுத முடியும்? இந்தப் பிள்ளைகள் எழுதப் படிக்கத் தெரிந்தால் அவர்களுக்கு நல்லது என்று எழுதினால் ஒரு சல்லிக்காசு கூடப் பெயராது. மானியம் கேட்டு மனு எழுதிய யாருக்கும் இது தெரியும். கொடுக்கிறவனுக்கு எது இனிக்குமோ அதைத்தான் எழுதுகிறோம். என் சந்தேகம் அவர் அதை நம்பினாரா இல்லையா என்பதில் இல்லை. பாதி நம்பியிருப்பார், அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரி நம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சிக்கல் வேறு. எந்தக் கணக்கில் வரவு வைத்துப் பணம் வாங்குகிறோமோ, அதே கணக்கில்தான் ஒருநாள் நம்மிடம் செலவும் கேட்பார்கள். 1861-ல் கேட்டார்கள்.

1861

பத்துப் பதினைந்து வருஷம் பள்ளி நன்றாகவே நடந்தது. பிள்ளைகள் நூறைத் தாண்டினார்கள். ஐரோப்பாவிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் அல்ஜியர்ஸில் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாகிவிட்டது அது. பெஸ்ஸி பார்க்ஸ் வந்தார். அவருடைய தோழி, ஓவியர் பார்பரா லீ ஸ்மித், அல்ஜியர்ஸில் இருந்த டாக்டர் போடிஷோனைக் கல்யாணம் செய்துகொண்டு பல குளிர்காலங்களை அங்கேயே கழித்தவர், அவரும் ஆதரவு. ஐரோப்பிய மாதுகள் வந்து உட்கார, முஸ்லிம் சிறுமிகள் பிரெஞ்சில் வாசித்துக் காட்டுவார்களாம். வந்தவர்களுக்கு மெய்சிலிர்க்குமாம்.

ஆனால் யார் வீட்டுப் பிள்ளைகள் அங்கே வந்தார்கள்? எல்லா வகுப்பிலிருந்தும் என்று மனுவில் எழுதினாரே, நடந்தது அப்படி இல்லை. வசதியான வீடுகள் பெண்பிள்ளைகளை அனுப்பவில்லை. வந்ததில் பெரும்பங்கு ஏழை வீட்டுப் பிள்ளைகள், தவறாமல் வந்தால் கைக்குக் கொஞ்சம் காசு கிடைக்கும் என்பதற்காக வந்தவர்கள். பிரெஞ்சு ஆட்சி வந்து நகரத்துக் கைத்தொழில்களையும் வியாபாரத்தையும் குலைத்துப்போட்ட பிறகு கஸ்பாவில் வறுமை தலைவிரித்தாடியது. அந்த நிலையில் ஒரு தாய் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி அந்தக் காசை வாங்கினால் அதில் என்ன தப்பு? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நம் ஊரில் சத்துணவுக்காகப் பள்ளிக்கு வந்து, அப்படியே படித்து மேலே வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அல்ஜியர்ஸின் பெரிய மனிதர்களுக்கு அது காசுக்கு விலைபோனது மாதிரி இருந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் மாகாண சபைகள் வந்தன. அதில் பிரெஞ்சுக் குடியேறிகளோடு நியமிக்கப்பட்ட சில முஸ்லிம் பிரமுகர்களும் உட்கார்ந்தார்கள். அங்கே இந்தப் பள்ளி விவாதத்துக்கு வந்தது. முஸ்லிம் பிரமுகர்கள் சொன்னதன் சாரம்: அங்கே படித்த பெண்ணை எங்களில் மரியாதைப்பட்டவன் எவனும் கட்டமாட்டான். அந்தப் பிள்ளைகள் இங்கேயும் ஒட்டாமல் அங்கேயும் ஒட்டாமல் கெட்டுப்போகிறார்கள். இதைக் கேட்டுப் பிரெஞ்சு உறுப்பினர்களுக்கு ஒன்றும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்குப் பணம் மிச்சம். பழி வராமல் பணம் மிச்சம், பாருங்கள், உள்ளூர் வழக்கத்தை மதித்துத்தானே நிறுத்துகிறோம்! பெண்பிள்ளைகளுக்கு எழுத்து எதற்கு, கைத்தொழில் கற்றுக்கொடுத்தால் பிழைத்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. 1861-ல் பள்ளி பள்ளியாக இருப்பது நின்றது. பிரெஞ்சு எழுத்தும் கணக்கும் போய், பூவேலைப் பட்டறை மட்டும் மிஞ்சியது. அதே 1861-ல்தான் லண்டனில் பெஸ்ஸி பார்க்ஸின் புகழுரை பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. கவர்னர் ஜெனரல் நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? தாஹ்ரா குகை வாசலில் தீ வைக்கச் சொன்ன அதே பெலிசியே. கர்னல் இப்போது மார்ஷல், மலாகோஃப் பிரபு என்று பட்டமும் வாங்கியிருந்தார்.

நான் இந்த இடத்தைத் தாண்ட முடியாமல்தான் நிறைய நாள் நின்றுகொண்டிருந்தேன். யாரைக் கோபித்துக்கொள்வது? முஸ்லிம் பிரமுகர்களையா? ஓதுகிற பள்ளிகளை இழந்து, மசூதிகளை இழந்து, வீட்டின் உள்முற்றம் ஒன்றுதான் இன்னும் தங்கள் கையில் இருக்கிறது என்று நினைத்த மனிதர்கள் அவர்கள். அந்த முற்றத்துக்குள் நுழைவதுதான் திட்டம் என்று போர் அமைச்சகத்துக்கு எழுதிய மனுவை அவர்கள் படித்திருக்க வேண்டியதில்லை, வாடையே போதும். அவர்கள் சந்தேகப்பட்டது வீண் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த பரிகாரம் என்ன? எங்கள் ஹபூஸ் பணத்தைத் திருப்பிக் கொடு, எங்கள் பெண்பிள்ளைகளுக்கு நாங்களே பள்ளி வைத்துக்கொள்கிறோம் என்று கேட்கவில்லை. படிப்பை நிறுத்து என்றார்கள். படித்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்றார்கள். இந்தப் பாட்டை நான் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டாவது முடித்த என் பெரியம்மா மகளை மேலே படிக்க வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடந்தபோது, “ரொம்பப் படிச்சா அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளைக்கு எங்கே போறது” என்று தாத்தா சொன்னது காதில் இருக்கிறது. எங்கள் தாத்தாவை எந்தப் பிரெஞ்சுப் படையும் மிரட்டவில்லை.

உற்றுப் பார்த்தால் இரண்டு தரப்பும் ஒரே கணக்கு நோட்டில்தான் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பெண்கள் பெரிய மனிதர்களுக்கு மனைவிகளாவார்கள், ஆகவே பள்ளியைத் திற என்றார் மேடம் லூஸ். இந்தப் பெண்களை எவனும் மனைவியாக்கமாட்டான், ஆகவே பள்ளியை மூடு என்றார்கள் பிரமுகர்கள். திறந்ததும் கல்யாணத்தை வைத்து, மூடியதும் கல்யாணத்தை வைத்து. மனுவில் கொடுத்த வாக்கு பலிக்கவில்லை என்பதே மூடுவதற்கு வாதமாகிவிட்டது. நடுவில் பதினைந்து வருஷம் ஒரு சிறுமி உட்கார்ந்து தன் பெயரை எழுதப் பழகினாளே, அது எந்தப் பக்கத்திலும் வரவு ஆகவில்லை.

ஊசியைப் பற்றி

பட்டறையானதை நான் ஏதோ இழிவு மாதிரி சொல்லிவிடக்கூடாது. நான் படித்த பள்ளியில் மத்தியானம் கடைசி பீரியடில் பையன்கள் மைதானத்துக்குப் போவார்கள், எங்களை உட்கார வைத்துச் சங்கிலித் தையலும் காம்புத் தையலும் போடச் சொல்வார்கள். அப்போது எரிச்சலாக இருந்தாலும் அந்த வேலை எவ்வளவு நுணுக்கம் என்று கைக்குத் தெரியும். அல்ஜியர்ஸின் பழைய பூவேலையோ அதற்கெல்லாம் பல படி மேலே. ஹம்மாம் என்ற பொதுக் குளியல் கூடத்தில் குளித்து வந்ததும் பெண்கள் ஈரக் கூந்தலை மூடக் கட்டும் ப்னீகா என்ற தலைத்துணி இருக்கிறது. மெல்லிய லினன் துணி, அதன் இரண்டு முனையிலும் நீளமாகத் தொங்கும் பட்டைகள் முழுக்க ஊதா, சிவப்பு, நீலப் பட்டுநூலில் பூவும் இலையும். பெரும்பாலும் முன்பக்கம் பின்பக்கம் வித்தியாசமே தெரியாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நெருக்கமாக நூல் ஓடியிருக்கும். வீட்டுப் பெண்கள் தலைமுறையாகப் போட்டுவந்த வேலை, பிரெஞ்சு ஆட்சி வந்த பிறகு அழிந்துகொண்டிருந்தது. மேடம் லூஸ் அந்தப் பழைய துணிகளைத் தேடிப் பிடித்து, அதே டிசைன்களைப் பட்டறையில் திரும்பப் போட வைத்தார். அவருக்குப் பின் பேத்தி ஆன்ரியெத் பென் அபென் அதையே பெரிய அளவில் நடத்தினார். கூலி கிடைத்தது. கணவனை இழந்த, கைவிடப்பட்ட பெண்களுக்கு அது சோறு போட்டிருக்கும். கண்காட்சிகளுக்குப் போனது, குளிருக்கு ஒதுங்க வந்த இங்கிலாந்துக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்த் திரைச்சீலையாகவும் மெத்தை விரிப்பாகவும் போட்டார்கள்.

ஆனால் விலை என்ன, எந்தத் துணி எந்தக் கண்காட்சிக்குப் போகிறது, கணக்கில் வரவேண்டியது எவ்வளவு என்பதையெல்லாம் படிக்கத் தெரிந்தவர் அந்த இடத்தில் முதலாளியம்மா மட்டும்தான். 1860-க்கு முன்பு அங்கே உட்கார்ந்த பிள்ளைக்கு அது படிக்கத் தெரிந்திருக்கும். 1899 படத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குத் தெரிந்திருக்குமா? ஊசியோடு எனக்குச் சண்டை இல்லை. காலையில் எழுத்து, மத்தியானம் ஊசி என்று இருந்ததில் காலையை மட்டும் வெட்டி எறிந்ததுதான் வயிற்றெரிச்சல்.

துனிஸில் நடந்தது

அல்ஜியர்ஸிலிருந்து கிழக்கே துனிஸ், துனிசியாவின் தலைநகரம். 1881-லிருந்து அதுவும் பிரெஞ்சுப் பிடியில்தான், ஆனால் பாதுகாப்பு நாடு என்ற பெயரில் ‘பே’ என்ற பட்டத்தோடு ஆண்ட உள்ளூர் அரசரையும் அவருடைய நிர்வாகத்தையும் விட்டுவைத்தார்கள், ஹபூஸ் சொத்துகளும் அல்ஜியர்ஸில் போன மாதிரி போய்விடவில்லை. 1900-ல் அங்கே முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி திறந்தார்கள். அங்கே பிரெஞ்சு அரசின் தலைமைப் பிரதிநிதியான ரெசிடென்ட் ஜெனரலின் மனைவி லூயிஸ் ரெனே மில்லே பெயரில் தொடங்கியது, பிறகு தெருப் பெயரால் ரூ து பாஷா பள்ளி என்று ஆனது. நடத்தியவர் ஷார்லோத் ஐகென்ஷென்க் என்ற பெண்மணி. இதுவும் காலனிப் பள்ளிதான், பெயர்ப்பலகையைப் பார்த்தாலே தெரிகிறது. வித்தியாசம் எங்கே என்றால், பஷீர் ஸ்ஃபார் போன்ற துனிசியச் சீர்திருத்தக்காரர்கள் இதற்குப் பின்னால் நின்றார்கள், பணம் ஹபூஸ் நிர்வாகத்திலிருந்து வந்தது, அரபும் மார்க்கமும் பாடத்தில் இருந்தன. ஊர்ப் பெரிய குடும்பங்கள் தங்கள் பெண்பிள்ளைகளையே அனுப்பின. அதில் படித்த ஒருத்தி, 1909-ல் பிறந்த தவ்ஹிதா பென் ஷேக். பாரிஸில் மருத்துவம் படித்து 1936-ல் டாக்டரானார், துனிசியாவின் முதல் முஸ்லிம் பெண் டாக்டர். இப்போது அந்த ஊர் 10 தினார் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. மாப்பிள்ளை கிடைக்குமா என்ற கேள்வி அவர் வீட்டிலும் வராமல் இருந்திருக்காது. ஆனால் பள்ளி யாருடைய பணத்தில் ஓடுகிறது, யார் அதற்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது மாறினால், அந்தக் கேள்வியின் கூர் மழுங்கிவிடுகிறது.

அல்ஜீரியாவில் அப்படி ஒரு வாய்ப்பு வரவேயில்லை. மேடம் லூஸ் கடைசிக் காலத்தில் மோன்ட்ரிஷாருக்கே திரும்பி, 1882-ல் கண்ணை மூடினார். மறு வருஷம், 1883 பிப்ரவரியில், பிரான்சின் கட்டாயக் கல்விச் சட்டத்தை அல்ஜீரியாவுக்கும் கொண்டுபோகும் ஆணை வந்தது. குடியேறிகளின் பிள்ளைகளுக்கு அது பள்ளியானது, முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காகிதமாகவே கிடந்தது. 1954-ல் விடுதலைப் போர் வெடித்தபோது அல்ஜீரிய முஸ்லிம் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. நூற்றிருபத்து நாலு வருஷ ஆட்சி அது. நாகரிகத்தைக் கொடுக்க வந்தோம் என்று சொன்னவர்களிடம் நான் வேறு எந்தப் புள்ளிவிவரத்தையும் காட்ட மாட்டேன்.

என் சிநேகிதி இன்னமும் மேடம் லூஸை முன்னோடி என்று சொல்ல ஒத்துக்கொள்வதில்லை. காலனிக்காரனின் கையாள் என்கிறாள். நான் இரண்டும்தான் என்கிறேன், அவளுக்கு அது நழுவல் பதிலாகத் தெரிகிறது. நான் நழுவவில்லை. எனக்கு அந்த அம்மாளை எடைபோடக் கையில் இருக்கிற ஒரே ஆதாரம் நெஃபீஸா பின்த் அலி. அந்தப் பள்ளியில் பயின்று, அங்கேயே உதவி ஆசிரியையாக நின்ற முஸ்லிம் பெண். அந்தச் சிறுமிகள் கூட்டத்தில் பெயரோடு நமக்குக் கிடைக்கிறவர்கள் மிகக் குறைவு, அதில் இவர் ஒருவர். மனைவியாக இல்லாமல் ஆசிரியையாக வந்து சேர்ந்தவர். மனுவில் எழுதிய கணக்குப்படி பார்த்தால் நெஃபீஸா ஒரு உபரி, திட்டத்தில் இல்லாதவர். ஆனால் நடந்ததிலேயே உருப்படியான காரியம் அவர்தான் என்று நினைக்கிறேன். நூறு மனைவிகளுக்குப் பதிலாகப் பத்து நெஃபீஸாக்களை உண்டாக்கியிருந்தால், 1861-ல் யாரோ நாலு ஆண்கள் உட்கார்ந்து பேசிப் பள்ளியைப் பட்டறையாக்குவது அத்தனை சுலபமாக இருந்திருக்காது. பூட்டினாலும் அந்தப் பத்துப் பேர் தங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் பத்து நெஃபீஸாக்களுக்கென்று கேட்டிருந்தால் பாரிஸ் 3,000 ஃபிராங்கைக் கொடுத்திருக்காது. தங்க விரலுறையை அடகு வைத்தவருக்கு அதுவும் தெரிந்துதான் இருக்கும்.